சூளை எரியும்போது தேதியை மாற்றினேன்

எங்கள் யூனிட்டு ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்து யாராவது "இது இன்னுமா ஓடுது?" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். தானாகவா ஓடுகிறது? நான் ஓட்டுகிறேன். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு மேசைமேல் ஒரு நாள் துடைக்காமல் விட்டால் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு வெள்ளைத் தூசி. அந்தத் தூசிக்குள் பதினான்கு வருஷமாக ஒரு பெட்டியை உயிரோடு வைத்திருப்பது என்ன சின்ன விஷயமா? சனிக்கிழமை தோறும் மூடியைக் கழற்றி, பொம்மைகளுக்குக் கண் எழுதும் மெல்லிய பிரஷ்ஷால் காற்றாடியின் ஒவ்வொரு இறக்கையையும் துடைப்பேன். முதலாளி இரண்டு முறை அதை எடைக்குப் போடப் பார்த்தார். இரண்டு முறையும் நான் வாசலில் நின்றேன்.

நான் இங்கே டைப் அடிக்க வந்தவள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டேன். இப்போது பேட்டையில் எந்த யூனிட்டில் பிரிண்டர் மக்கர் செய்தாலும், திரை நீலமாக உறைந்தாலும், என் போன்தான் அடிக்கும். "மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்." போவேன். கொஞ்சம் அலட்டிக்கொண்டுதான் போவேன். ஐம்பதை நெருங்கும் ஒரு பொம்பளையைக் கூப்பிட்டு எந்த ஒயரைப் பிடுங்கலாம் என்று நாலு ஆம்பிளைகள் கேட்டுக்கொண்டு நிற்கும்போது அலட்டிக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

அந்த அலட்டலில்தான் ஒரு தப்பும் செய்தேன்.

எங்கள் யூனிட்டில் ஃபியூஸ் கட்டையும் மின்கம்பிக்கான பீங்கான் சாமான்களும் செய்கிறோம். சூளையின் சூடு எப்படி ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு சாஃப்ட்வேரை, முப்பது நாள் சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு வியாபாரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சரக்கு வாங்கும் பார்ட்டிகளுக்கு அந்தக் கோடு போட்ட பேப்பர் ரொம்பப் பிடித்துவிட்டது. அது இல்லாமல் லோடு எடுக்க மாட்டோம் என்றார்கள். முப்பது நாள் முடியப்போகிறது. வியாபாரியோ கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளினேன். சாஃப்ட்வேர் ஏமாந்தது. முதலாளி என்னை "மூளைக்காரி" என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. முப்பது நாள் நெருங்கும்போதெல்லாம் தேதியை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைப்பேன். அந்த வியாபாரி வந்தது ஓர் ஆடி மாசத்தில். ஆக, ஊரில் தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, மாசி மகத் தேர் வந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் ஆறு வருஷமாக அதே ஆடி. பில்லில் தேதியை நானே கையால் அடித்துவிடுவேன். மெயில் எல்லாம் என் போனில். அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை.

தொந்தரவு இருந்தது. பிரவுசரைத் திறந்தால், எந்தப் பக்கத்துக்குப் போனாலும், "இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. கீழே ‘அட்வான்ஸ்டு’ என்று இருக்கும், அதைத் தட்டு. ‘புரொசீட்’ என்று வரும், அதையும் தட்டு. பக்கம் திறந்துவிடும். சில பக்கங்கள் பிடிவாதமாகத் திறக்காது. அந்த சைட்டே சரியில்லை என்று திட்டிவிட்டு விட்டுவிடுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டா பார்க்க, பிள்ளைகளின் ரிசல்ட் பார்க்க வரும் பெண்களுக்கெல்லாம் இந்த இரண்டு தட்டைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த எச்சரிக்கையை ஒரு தடவையாவது முழுசாகப் படித்தேனா என்றால், சத்தியமாக இல்லை.

போன வருஷம் ஒரு நாள் மதியம், கிளேஸ் பிரிவில் வேலை செய்பவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். வெந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மெருகுக் கரைசலில் முக்கி வைப்பது அவள் வேலை. கம்மாபுரம் பக்கத்துக்காரி. அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வேறு இடத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு, புருஷனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தினமும் வந்து போகிறவள். கல்யாணத்துக்கு அப்புறம், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, தனியாகப் படித்துப் பத்தாவது பாஸ் செய்தவள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதை அவளிடம் காட்டிக்கொள்ள மாட்டேன்.

"அக்கா, ஒரு அப்ளிகேஷன் போடணும். ஆஸ்பத்திரி வேலை. உதவியாளரு. பத்தாவது போதுமாம். கம்ப்யூட்டர்லதான் போடணுமாம்."

"எப்ப கடைசி?"

"இன்னைக்கு. அஞ்சு மணி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவைத் தூக்கி மேசைமேல் போட்டேன். "ஏண்டி, இத்தினி நாளா தூங்கிகிட்டா இருந்த?"

"போன வாரமே போடலாம்னு பாத்தேன். மாமியாரு அஷ்டமின்னாங்க. அப்பறம் நவமின்னாங்க. அதுக்கப்பறம் செவ்வாக்கெழம. இன்னைக்கு நல்ல நாளுன்னு கெளம்பி வந்தா ஊரு பூரா கரண்டு இல்ல. ப்ரௌசிங் சென்டரு எல்லாம் மூடிக் கெடக்குது."

அது மாசாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள். சாயங்காலம்தான் வரும். டவருக்கும் கரண்டு இல்லையோ என்னவோ, போனில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டையில் எங்கள் யூனிட்டில் மட்டும் அன்று சூளை எரிந்துகொண்டிருந்ததால் ஜெனரேட்டர் ஓடியது. என் கம்ப்யூட்டருக்கு உயிர் இருந்தது, நெட்டும் இருந்தது.

"அடுத்த வருஷம் போட்டுக்கலாம்ல?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"அடுத்த மாசத்தோட எனக்கு வயசு தாண்டிடுது அக்கா. இனிமே எந்த கவருமெண்டு வேலைக்கும் என்னால போட முடியாது." சொல்லும்போது அவள் அழவில்லை. நகத்தில் காய்ந்திருந்த கிளேஸைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"வா, உக்காரு," என்றேன். "இந்தக் கம்ப்யூட்டர் கணக்குப்படி உனக்கு ஆறு வயசு கம்மிதான். பயப்படாத." அவள் சிரித்தாள்.

அவளுடைய நாத்தனார் வாட்ஸப்பில் அனுப்பிய லிங்க் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். வழக்கம்போல எச்சரிக்கை வந்தது. நான் கை வைக்குமுன் அவளே அட்வான்ஸ்டு, புரொசீட் என்று இரண்டு தட்டு தட்டினாள். என் சிஷ்யை அல்லவா! பக்கம் திறந்தது. மேலே கோபுரப் படம், தமிழில் தலைப்பு, எல்லாம் பார்க்க அம்சமாக இருந்தது. பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் அடித்தோம். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனோம். அங்கே நின்றுவிட்டது.

அதே எச்சரிக்கைதான். ஆனால் புரொசீட் இல்லை. நானும் தேடுகிறேன், தேடுகிறேன், இல்லவே இல்லை. பிரவுசரை மூடித் திறந்தேன். நெட் பெட்டியை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போடலாம் என்றால் சூளைக் கோடு அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திட்டினேன், செய்தவனைத் திட்டினேன், அவன் பரம்பரையையே திட்டினேன். மூன்றரை மணி ஆகிவிட்டது. அவள் கையில் ஏ.டி.எம். கார்டைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல்தான் அந்த எச்சரிக்கையைப் படித்தேன். எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் எந்தச் சான்றிதழையும் நம்ப முடியாது. இதைத்தான் அது ஆறு வருஷமாக என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், அவள் பயந்துவிட்டாள்.

தேதியைச் சரி செய்ய அரை நிமிஷம் போதும். ஆனால் சூளை சாஃப்ட்வேர் உண்மையான தேதியை ஒரு முறை பார்த்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த ஆடிக்குத் தள்ளினாலும் திறக்காது. நான் சூளைப் பக்கம் ஓடினேன். எங்கள் சூளை மேஸ்திரிக்கு என் வயசுதான். வாய் மட்டும் இரண்டு ஆள் அளவுக்கு.

"மேஸ்திரி, கம்ப்யூட்டர்ல தேதிய மாத்தப் போறேன்."

"மாத்துங்க மேடம். மாசாமாசம் மாத்துறதுதான?"

"ஆடிக்கு இல்ல. இன்னைக்குத் தேதிக்கு."

அவர் கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். "வெளையாடாதீங்க. சூளை ஆயிரத்து நூறுல இருக்குது. உள்ள ஒரு லோடு கட்ட வெந்துகிட்டு இருக்குது. கோடு நடுவுல நின்னுபோச்சின்னா பார்ட்டிக்கு நான் என்னா பேப்பர அனுப்புறது? மொதலாளி வந்தா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். மீட்டர் பெட்டியில நம்பர் தெரியுதில்ல? பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாத்து நோட்டுல எழுதுங்க."

"நல்லா இருக்குதே கத! கம்ப்யூட்டர வெச்சிகிட்டு என்னை எழுதச் சொல்றீங்க. யாருக்கோசரம் இதெல்லாம்?"

அவள் என் பின்னாலேயே வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. "வுடுங்க அக்கா," என்றாள். "எனக்கோசரம் ஒரு லோடு கெட்டுப்போக வேணாம். எனக்கு என்னா, இங்கயே இருந்துட்டுப் போறேன்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தே கத்தினார். "இங்கயே இருந்து என்னாத்த கிழிக்கப் போற? ஆஸ்பத்திரி வேல தானா வந்து கதவத் தட்டுமா? போ, போயி அப்ளிகேஷன போடு. மேடம், ஒரு நோட்டும் பேனாவும் குடுத்தனுப்புங்க. எழுதாத பேனாவ குடுத்துடாதீங்க."

அந்த மனுஷனோடு நான் போட்ட சண்டைகளுக்கு அளவே கிடையாது. அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடவில்லை, நோட்டைத்தான் அனுப்பினேன்.

தேதியை மாற்றினேன். அடுத்த நொடியே சூளைக் கோடு நின்று, காலம் முடிந்துவிட்டது என்று ஒரு பெட்டி வந்தது. போய்த் தொலை என்று மூடினேன். முதலில் பட்டா பார்க்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எச்சரிக்கையே இல்லாமல் திறந்தது. முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு. ஆறு வருஷத்தில் அந்தப் பூட்டை இந்தத் திரையில் நான் பார்த்ததே இல்லை. ஈ.பி. பில் பக்கமும் அப்படியே திறந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "வாடி ராசாத்தி, இப்ப போடு உன் லிங்கை," என்றேன்.

போட்டாள். எச்சரிக்கை வந்தது.

அவள் கை பழக்கத்தில் அட்வான்ஸ்டுக்குப் போனது. "கைய எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் அக்கா? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கேள்வி என்னை அறைந்த மாதிரி இருந்தது. தேதி சரியாகிவிட்டது, மற்றப் பக்கங்கள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன. இது மட்டும் ஏன் இன்னும் கத்துகிறது? படித்தேன். இந்த முறை காரணம் வேறு. இந்தப் பக்கத்தின் சான்றிதழ் வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறது, இது உங்கள் விவரங்களைத் திருடப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. அவளிடம் பேப்பரில் வந்த விளம்பரம் இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து நாலாக மடித்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் இருந்த முகவரியையும் லிங்கையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். முன்பாதி ஒரே மாதிரி. வால் வேறு. அரசாங்கப் பக்கமே இல்லை அது. கோபுரப் படத்தை ஒட்டிவைத்த திருட்டுப் பக்கம்.

பணம் கட்டும் இடத்தில் நின்றிருக்காவிட்டால் அவள் கார்டு நம்பரையும் கொடுத்திருப்பாள். பணம் போனால்கூடப் போகிறது. அப்ளிகேஷன் போட்டாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஹால் டிக்கெட்டுக்காகக் காத்துக் காத்து, வயசு தாண்டிய பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கும். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த இரண்டு தட்டால்.

"அது திருட்டு சைட்டுடி," என்றேன். "தப்பு என்னுது. அப்பறமா திட்டு. இப்ப அழுவாத, போட்டோவ எடு."

"நான் எங்க அழுவறேன்? நீங்கதான் அழுவுறீங்க," என்றாள்.

மணி நாலு. விளம்பரத்தில் இருந்த முகவரியை அடித்தேன். எச்சரிக்கை இல்லை, பூட்டு இருந்தது. பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். போட்டோவின் அளவைக் குறைத்து, கையெழுத்தை ஸ்கேன் செய்து, சாதிச் சான்றிதழை ஏற்றி, கடைசிப் பக்கத்துக்கு வந்தால் ‘சமர்ப்பி’ பட்டனைக் காணோம். பக்கம் பாதி சிதைந்து நின்றது. தேதி தப்பாக இருந்ததால் பிரவுசர் ஆறு வருஷமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே இல்லை. புதுப் பக்கங்களைக் காட்டத் தெரியாமல் முழித்தது. புதுசை இறக்கினேன். இந்தப் பழைய விண்டோஸுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பு எது என்று தேடி, அதை உருவாக்கியவர்களுடைய பக்கத்திலிருந்தே எடுத்தேன். இறங்குகிறது, இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. நாலு முப்பத்தைந்துக்கு முடிந்தது. அவள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவையாக அவள் பெயரை அடித்தேன். அதற்குள் அவள் ஆதார் நம்பர் எனக்கே மனப்பாடம். பணம் கட்டும் பக்கம் திறந்தது. கார்டு நம்பரை நான் அடிக்கவில்லை. "நீயே அடி, ஒவ்வொரு தடவையும் மேல அட்ரஸ பாத்துட்டு அடி," என்றேன். ஒற்றை விரலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்ப எண் வந்தது. பிரிண்டர் அன்றைக்கு மக்கர் செய்யவில்லை. பேப்பர் வெளியே வந்ததும் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைச் சேர்ந்து படித்தோம். என் பெட்டியை நான் ஒரு தட்டு தட்டிக்கொடுத்தேன். பதினான்கு வயசுப் பெட்டி, ஆறு வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்து ஒரு மணி நேரத்தில் இவ்வளவும் செய்தது. எனக்குப் பெருமையாக இருக்காதா?

மேஸ்திரி ராத்திரி ஷிப்டுக்காரருக்கும் எழுதச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாராம். நோட்டில் ஒரு பத்து நிமிஷம்கூட விட்டுப்போகவில்லை. முதலாளி வந்து குதித்தார். "ஆறு வருஷம் ஓசியில ஓட்டிட்டோம் சார், ஒழுங்கானத வாங்குங்க," என்றேன். பார்ட்டி அந்த நோட்டின் ஜெராக்ஸைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் லோடை எடுத்துக்கொண்டது. அந்த நோட்டை மேஸ்திரி போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லோரும் டப்பாவைத் திறந்ததும் நான் எழுந்து நின்றேன். "நான் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது தப்பு," என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? எச்சரிக்கை வந்தால் தட்டக் கூடாது, படிக்க வேண்டும். முதலில் தேதியைப் பார்க்க வேண்டும், அப்புறம் முகவரியை, அப்புறம் பூட்டை. வாட்ஸப்பில் வரும் லிங்கைத் தொடவே கூடாது. பூட்டு இருந்தாலும் முகவரியின் வால் தப்பென்றால் தப்புதான். ஒருத்தி, "அப்ப ஒங்களுக்கே தெரியாதா மேடம்?" என்று வாரிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

திருட்டுப் பக்கத்தில் அடித்த போன் நம்பர் சும்மா இருக்குமா? மூன்றாம் நாளே அவளுக்கு அழைப்பு வந்தது. உங்கள் அப்ளிகேஷன் பாதியில் நிற்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்றானாம். "எந்தப் பாதியில நிக்குதுன்னு மொதல்ல நீ சொல்லுடா," என்று கேட்டிருக்கிறாள். அவன் வைத்துவிட்டானாம். இதை அவள் சொல்லும்போது கிளேஸ் பிரிவே கை தட்டியது.

பரீட்சை எழுதினாள். நாள் நட்சத்திரம் பார்க்கவில்லை, அவர்கள் கொடுத்த நாளில் போய் எழுதினாள். சில மாதங்கள் போயின. ஒரு நாள் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் வெள்ளைக் கிளேஸ்.

"லிஸ்ட்டு வுட்டுட்டாங்க அக்கா."

நான் கீபோர்டை இழுத்தேன். "நம்பர சொல்லு."

"வேணாம். நானே பாத்துட்டேன். பைக்குல பின்னால ஒக்காந்து வரும்போது போன்லயே பாத்துட்டேன்."

"சரியான சைட்டுதானா?"

"எழுத்து எழுத்தா பாத்துட்டுத்தான் தொறந்தேன்."

"இருக்குதா?"

"இருக்குது."

"அடிப்பாவி! அத மொதல்ல சொல்ல மாட்டியா?" நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி அவளைக் கட்டிக்கொண்டேன். என் புடவை முழுக்கக் கிளேஸ். நான் போட்ட கூச்சலில் சூளைப் பக்கமிருந்து மேஸ்திரி ஓடி வந்தார். பெண்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இனிமேல் நீ எதற்கு இந்தக் கரைசலில் கை வைக்க வேண்டும், இப்போதே வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொல் என்று ஆளாளுக்கு அவளை விரட்டினோம்.

"போறேன், போறேன்," என்றாள் அவள், என் கையை விடுவித்துக்கொண்டு. "தொட்டியாண்ட இன்னும் நாப்பது கட்ட கெடக்குது. முக்கி வெச்சிட்டுப் போறேன்."